கொலராடோ நதியில் ஒரு தேனிலவு



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், ஹாஸ்டல் ரசத்தைப் பற்றியும் வார்டனைப் பற்றியும் ஏகப்பட்ட கட்டுரை வந்தாச்சு. நீங்கள் உங்கள் சப்ஜெக்டிலேயே ஏதாவது எழுதுங்கள். ஆனால் வகுப்பு எடுக்காதீர்கள்" என்றார்கள். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்னதான் செய்வான்? என்ன எழுதலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தபோது விஷயம் தானாகவே வந்து சேர்ந்தது.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் நாமெல்லாம் தேனிலவு என்றால் கொடைக்கானல், ஊட்டி, போட் ஹவுஸ், ஒரு ஃபோட்டோ என்று முடித்துக் கொண்டோம். இந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போய், பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ நதியில் ரப்பர் படகில் பல நாள் பிரயாணம் செய்து, கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். "அங்கிள், நீங்க ஹிஸ்டரி ஆச்சே, அந்த இடத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். அப்பன்காரன் பின்னாலிருந்து "பயமுறுத்தி வைடா" என்று கத்தினான். நான் பயமுறுத்தவில்லை. 1928-ல் இதே நதிக்கு இதே மாதிரி தேனிலவு போன ஒரு ஜோடியின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கிராண்ட் கேன்யன் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. நதியின் ஓட்டத்தோடு அளந்தால் 277 மைல் நீளம். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் ஏறக்குறைய ஒரு மைல் ஆழம். மேலே நின்று எட்டிப் பார்த்தால் நதி ஒரு நூல் மாதிரி தெரியும். கீழே இறங்கிப் போனால்தான் அது நூல் இல்லை என்பது புரியும். பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெள்ளம் உருட்டிக் கொண்டு வந்து போட்ட பாறைகளின் மேல் ஆறு விழுந்து புரண்டு நுரைத்து ஓடும். அப்படிப்பட்ட இடங்களை அங்கே 'ரேபிட்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ எண்ணோ உண்டு. லீஸ் ஃபெர்ரி என்ற துறையிலிருந்து இத்தனையாவது மைல் என்று எண்ணித்தான் நதியில் இடம் சொல்வது வழக்கம். இந்த மைல் கணக்கை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஒரு கை இழந்த ராணுவ மேஜர் நாலு படகுகளோடு இந்த நதியில் இறங்கி, பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்தார். கடைசிக் கட்டத்தில் அவருடைய ஆட்கள் மூன்று பேர், இனிமேல் ஆற்றில் போனால் சாவுதான் என்று படகைவிட்டு மேலேறிப் போனார்கள். போனவர்கள்தான் செத்தார்கள், படகில் இருந்தவர்கள் இரண்டே நாளில் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். 1901-ல் தெற்கு விளிம்பு வரை ரயில் வந்தது. 1919 பிப்ரவரி 26-ந் தேதி அது தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்கா என்றதும் பெஞ்சும் சறுக்குமரமும் மனசில் வரக்கூடாது. மேலே ஹோட்டல், கோவேறு கழுதைச் சவாரி, ஃபோட்டோ ஸ்டூடியோ எல்லாம் இருந்தன. கீழே நதி பவல் பார்த்தபடியேதான் இருந்தது. அணை கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது, தடுப்பாரும் கிடையாது.

இனி நம்ம ஜோடிக்கு வருவோம்.

க்ளென் ஹைட் ஐடஹோ மாநிலத்து விவசாயி. 1898-ல் பிறந்தவர். பெஸ்ஸி ஹேலி 1905-ல் பிறந்தவர்; சான் பிரான்சிஸ்கோவில் ஓவியம் படித்தவர், கவிதையும் எழுதுவார். 1927-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போகும் ஒரு பயணிகள் கப்பலில் சந்தித்தார்கள். பெஸ்ஸிக்கு அதற்கு முன் ஒரு கல்யாணம் ஆகி முறிந்திருந்தது. அந்த விவாகரத்து முடிந்த கையோடு 1928 ஏப்ரலில் இருவரும் மணம் செய்து கொண்டார்கள். அவருக்கு 29 வயது, அந்தப் பெண்ணுக்கு 22.

தேனிலவுத் திட்டம் க்ளெனுடையது. யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற ஊரில் படகை இறக்கி, கிரீன் நதி வழியாகக் கொலராடோவில் சேர்ந்து, கிராண்ட் கேன்யன் முழுவதையும் கடந்து, கலிபோர்னியாவின் நீடில்ஸ் ஊரில் கரையேறுவது. இதில் இரண்டு ஆசைகள். மற்றவர்களைவிட வேகமாகக் கடந்து ஒரு ரிக்கார்டு வைக்க வேண்டும். அதோடு, அதுவரை எந்தப் பெண்ணும் படகில் இந்தப் பள்ளத்தாக்கை முழுதாகக் கடந்ததாகப் பதிவு இல்லை; அந்த முதல் பெண் பெஸ்ஸியாக இருக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போய் மேடையேறி இந்தக் கதையைச் சொல்லிச் சம்பாதிக்கலாம்.

இன்றைக்கு இது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் காலத்தைப் பார்க்க வேண்டும். 1927 மே மாதம் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கை விமானத்தில் தாண்டி உலகப் புகழ் பெற்றார். 1928 ஜூனில் அமீலியா இயர்ஹார்ட், அப்படி விமானத்தில் தாண்டிய முதல் பெண்மணி என்று பத்திரிகைகளில் வந்தார். அந்தப் பிரயாணத்தில் அவர் விமானத்தை ஓட்டக்கூட இல்லை, உட்கார்ந்து போனார், அவ்வளவுதான். ஒரு சாதனை செய்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று ஒரு தலைமுறையே நம்பிய வருஷங்கள் அவை. ஐடஹோ உருளைக்கிழங்கு வயலில் நின்று கொண்டு ஒரு வாலிபன் அப்படிக் கனவு கண்டதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

க்ளென் நதி தெரியாதவரும் இல்லை. 1926-ல் ஐடஹோவின் சால்மன் நதியில், அந்த ஊர்ப் படகோட்டிகளில் பெரிய கையான ஹாரி குலெக்கேயோடு பிரயாணம் செய்து தொழில் பழகியிருந்தார். அங்கே ஓடும் படகுக்கு 'ஸ்கௌ' என்று பெயர். பெயர்தான் படகு, பார்த்தால் மூடி இல்லாத மரப்பெட்டி. தட்டையான அடி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆளைவிடப் பல மடங்கு நீளமான இரண்டு துடுப்புகள். இவை படகை முன்னே தள்ளுவதற்கு இல்லை, வேகத்தைத் தண்ணீரே கொடுத்துவிடும். படகு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று திருப்புவதற்குத்தான். ஒகேனக்கல் பரிசலில் ஏறியவர்கள், அதை இருபது அடி நீளப் பெட்டியாக இழுத்துவிட்டதாக நினைத்துக் கொள்ளலாம். சால்மன் நதியில் படகு கீழே போனால் எதிர்த்து மேலே வரமுடியாது. அதனால் ஊர் சேர்ந்ததும் படகைப் பிரித்துப் பலகையாக விற்றுவிட்டு நடந்து வருவார்களாம். க்ளென் கிரீன் ரிவர் ஊரிலேயே இருபது அடியில் அப்படி ஒரு படகைத் தன் கையாலேயே செய்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. இவ்வளவு யோசித்தவர்கள் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொள்ளவில்லை. மறந்துபோய் அல்ல, தேவையில்லை என்று முடிவு செய்துதான்.

1928 அக்டோபர் 20-ந் தேதி கிளம்பினார்கள். கட்டரேக்ட் கேன்யன் என்ற பொல்லாத இடத்தைத் தாண்டினார்கள். லீஸ் ஃபெர்ரியைத் தாண்டினார்கள். கிராண்ட் கேன்யனுக்குள் நுழைந்த பிறகு ஒரு ரேபிட்டில் துடுப்பு அடித்து க்ளென் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார், பெஸ்ஸி சமாளித்தார். கிளம்பும்போது படகுத் தொழில் தெரியாத பெண், ஒரு மாதத்துக்குள் துடுப்பைப் பிடித்துப் படகைத் திருப்பியிருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை. பிற்காலத்தில் எழுதியவர்கள் பலர் பெஸ்ஸியை 'பாவம், இழுத்துக்கொண்டு போகப்பட்டவள்' என்றே வர்ணித்திருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

நவம்பர் நடுவில் பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக மேலே ஏறித் தெற்கு விளிம்புக்கு வந்தார்கள். சாமான் வாங்க வேண்டியிருந்தது, பத்திரிகைக்காரர்களிடம் பேச வேண்டியிருந்தது. பாதையின் உச்சியிலேயே எமரி கோல்ப் என்பவரின் ஸ்டூடியோ. எமரியும் அவர் அண்ணன் எல்ஸ்வொர்த்தும் 1911-12-ல் இதே நதியில் படகில் வந்து, அதை சினிமாவாகவும் எடுத்தவர்கள். அன்றைய தேதியில் அந்த ஆற்றைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர்கள் சொற்பம். எமரி இருவரையும் விளிம்பில் நிறுத்திப் படம் எடுத்தார். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள் என்று வற்புறுத்தினார். க்ளென் மறுத்துவிட்டார். நன்றாக நீந்துவேன், தேவையில்லை என்பது அவர் கட்சி.

எமரிக்கு ஒரு மகள், பெயர் எடித். அவள் காலில் அன்று அழகான ஷூ. அதைப் பார்த்துவிட்டு, இனி எப்போதாவது இந்த மாதிரி அழகான ஷூ போடுவேனோ என்னவோ என்று பெஸ்ஸி சொன்னதாக எமரி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நடந்ததற்குப் பிறகு சொல்லப்பட்ட நினைவு என்பதால் சரித்திர மாணவன் இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக் கொள்ள வேண்டும். ஆனாலும் இந்தக் கதையைக் கேட்ட யாருக்கும் மறக்காத வரி அதுதான்.

அடால்ஃப் சுட்ரோ என்ற சான் பிரான்சிஸ்கோக்காரர் ஒருவர் வேடிக்கைக்காக ஒரு நாள் மட்டும் படகில் கூட வந்தார். நவம்பர் 18-ந் தேதி ஹெர்மிட் ரேபிட் அருகே இறங்கிக் கொண்டார். க்ளெனும் பெஸ்ஸியும் துடுப்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர்களை உயிரோடு பார்த்ததாகச் சொல்ல யாருமில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் நீடில்ஸில் இருக்க வேண்டியவர்கள் வரவில்லை. க்ளெனின் தகப்பனார் ரோலின் ஹைட் ஐடஹோவிலிருந்து கிளம்பினார். வயதான மனிதர். ஒவ்வொரு அதிகாரியாகப் பார்த்து, ராணுவ விமானத்தைத் தேட வைத்தார். பள்ளத்தாக்குக்குள் விமானம் தாழப் பறப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 19-ந் தேதி, 237-வது மைல் பக்கத்தில் அந்தப் பெட்டிப் படகு விமானத்திலிருந்து தென்பட்டது. கவிழவில்லை. உடையவில்லை. சாமான்கள் கட்டியபடி இருந்தன. ஆட்கள் இல்லை.

கோல்ப் சகோதரர்களும் பூங்கா அதிகாரி ஒருவரும் டயமண்ட் கிரீக் என்ற இடத்தில் ஆற்றில் இறங்கி, கிறிஸ்துமஸ் சமயத்தில் படகை அடைந்தார்கள். படகின் கயிறு பாறையில் சிக்கி நின்றிருந்தது. உள்ளே உணவு, துணிமணி, துப்பாக்கி, காமிரா, பெஸ்ஸியின் நாட்குறிப்பு. படகின் விளிம்பு மரத்தில் நாளுக்கு ஒன்றாகக் கத்தியால் வெட்டிய அடையாளங்கள். எண்ணிப் பார்த்தால் 42. அக்டோபர் 20-லிருந்து எண்ணினால் சரியாக நவம்பர் 30. நாட்குறிப்பும் அந்தத் தேதியோடுதான் நிற்கிறது. காமிராவிலிருந்த கடைசிப் படம் 165-வது மைல் அருகே, ஏறக்குறைய நவம்பர் 27-ல் எடுத்தது.

ஆகவே 225-வது மைலில் உள்ள டயமண்ட் கிரீக்கைத் தாண்டும்வரை வந்திருக்கிறார்கள். படகு கிடைத்தது 237-ல். இடையில் 232-வது மைலில் ஒரு ரேபிட். அங்கே தண்ணீருக்கடியில் கருங்கல் பற்கள் மாதிரி துருத்திக் கொண்டிருக்கின்றன. நதி நேராக அவற்றின் மேல் கொண்டு போய் மோதும். இந்த நதியின் சரித்திரத்தையே வாழ்நாள் வேலையாகச் சேகரித்த ஓட்டிஸ் மார்ஸ்டன், அங்கேதான் இருவரும் தூக்கி எறியப்பட்டு மூழ்கியிருக்க வேண்டும் என்று வாதிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நவம்பர் கடைசி, உறைய வைக்கிற தண்ணீர், கனத்த உடுப்பு, லைஃப் ஜாக்கெட் இல்லை. எவ்வளவு நல்ல நீச்சல்காரனாக இருந்தாலும் எத்தனை நிமிஷம் தாங்கும்? படகு மட்டும், பாரம் குறைந்த பிறகு, தானாகவே பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் முடிக்க வேண்டியிருந்த பெரிய கண்டம் இன்னும் ஒன்றிரண்டுதான். பவலின் ஆட்கள் மூன்று பேர் படகைவிட்டுப் பிரிந்த இடம்கூட அந்தப் படகு சிக்கி நின்ற இடத்திலிருந்து சில மைல் தூரம்தான்.

உடல்கள் கிடைக்கவில்லை. அதனால் கதைகள் கிளம்பின. கிளம்பாமல் இருக்குமா? 1971-ல் ஆற்றுச் சுற்றுலாவுக்கு வந்த ஒரு மூதாட்டி, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, நான்தான் பெஸ்ஸி, புருஷனைக் கொன்றுவிட்டுத் தப்பித்தேன் என்று சொல்லிவிட்டு, பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். 1976-ல் எமரி கோல்ப் காலமானபின் அவர் வீட்டுப் படகுக் கொட்டகையில் குண்டு பாய்ந்த மண்டையோட்டோடு ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. க்ளென்தான் என்று பரபரப்பு. பரிசோதித்ததில் அது க்ளென் இல்லை என்று தெரிந்தது. 1992-ல் ஜார்ஜி கிளார்க் என்ற பிரபலப் பெண் படகோட்டி இறந்தபின், அவர் சாமான்களில் ஹைட் தம்பதியின் கல்யாணச் சான்றிதழின் நகல் இருந்ததால், அவர்தான் பெஸ்ஸியோ என்று ஒரு அலை. அவருடைய பிறப்பு, வளர்ப்பு எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்க, அதுவும் நிற்கவில்லை.

இந்தக் கதைகள் ஒவ்வொன்றிலும் பெஸ்ஸி ஒரு கொலைகாரி ஆகிறார், கவனித்தீர்களா? குளிரில் 42 நாள் துடுப்புப் பிடித்த பெண்ணுக்குக் கிடைத்த பட்டம் இது! பிராட் டிமாக் என்ற ஆற்றுப் படகோட்டி 2001-ல் இந்தத் தம்பதியைப் பற்றி விரிவாக ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னால் அவரும் அவர் மனைவியும் க்ளென் செய்தது போலவே ஒரு பெட்டிப் படகு செய்து, அதே நதியில் ஓட்டிப் பார்த்தார்கள். புத்தகம் எழுத ஆவணத்தைப் புரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆவணத்தில் ஏறி ஆற்றில் போனவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். படித்தவர்களுக்குக் கொலைக் கதை நிற்காது.

சரி, திட்டத்தில் எங்கே ஓட்டை? 'தைரியம் அதிகம், அறிவு கம்மி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். அதே காலத்தில், இதைவிடக் கடுமையான இடத்துக்குத் தேனிலவு போய்த் திரும்பி வந்த இன்னொரு ஜோடியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். இந்த ஜோடியில் மணப்பெண் நம்மைப் போல ஒரு காலேஜின் 'ஓல்டு ஸ்டூடண்ட்' என்பதால் மலருக்கும் பொருத்தமாக இருக்கும்.

மார்கரெட் தாமஸ், எல்லோருக்கும் மார்டி. 1902-ல் பிறந்து, சிறுமியாக அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊருக்கு வந்தவர். அந்த ஊரில் புதிதாகத் திறந்த அலாஸ்கா விவசாய, சுரங்கக் கல்லூரியில் 1924-ல் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்தச் சின்னக் கல்லூரிதான் பின்னாளில் அலாஸ்கா பல்கலைக்கழகம் ஆயிற்று. பட்டம் வாங்கிய அதே வருஷம் ஆகஸ்டில், யூகான் நதிக்கரையில் ஆன்விக் என்ற சிற்றூரின் மரக் கோயிலில், விடியுமுன், ஒலாஸ் மியூரி என்ற உயிரியலாளரை மணந்தார். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் வேலை: கேரிபூ என்ற பனிமான் கூட்டங்கள் எங்கே போகின்றன, எங்கே வருகின்றன என்று ஆராய்வது. தேனிலவும் அதுவேதான். படகிலும், ஆறு உறைந்த பிறகு நாய் இழுக்கும் சறுக்கு வண்டியிலும், கோயுகுக் நதியின் மேல்பகுதியில் புரூக்ஸ் மலைத்தொடர் வரை 500 மைலுக்கு மேல் பிரயாணம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, குளிர்காலத்தில்!

இதைக் கேட்டால் ஹைட் ஜோடியைவிட இவர்கள்தான் பைத்தியம் என்று தோன்றும். ஆனால் பாருங்கள். ஒலாஸ் 1920-லிருந்து அலாஸ்காவில் இதே வேலையாக அலைந்தவர். 1922-23 குளிர்காலத்தில் தம்பியோடு அதே கோயுகுக் பிரதேசத்தில் நாய் வண்டியில் போய் வந்தவர். எந்த இடத்தில் வழித்தங்கல் விடுதி, எந்த ஊரில் நாய்க்குக் கருவாடு கிடைக்கும், பனி எப்போது தாங்கும் என்பது அவருக்கு அத்துபடி. மார்டியோ அந்தக் குளிரிலேயே வளர்ந்த பெண். ஆறு சரியாக உறையவில்லையா, காத்திருந்தார்கள். யாருடைய ரிக்கார்டையும் முறியடிக்கிற அவசரம் இல்லை. வேலை மெதுவாக நடந்தால் வேலை இன்னும் நன்றாக நடக்கும்.

க்ளென் தனக்குத் தெரிந்த சால்மன் நதியின் வித்தையைத் தெரியாத நதிக்குக் கொண்டு போனார். தெரிந்தவர் ஒருவர், எமரி கோல்ப், குறுக்கே நின்று ஒன்றைச் சொன்னார், அதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட, சாதனைக் கணக்கில் எதுவும் குறைந்திருக்காது. என் அபிப்பிராயத்தில் இடத்தைவிட இந்த இரண்டும்தான் கதையை மாற்றின.

மார்டி 101 வயது வரை இருந்து 2003-ல் காலமானார். தேனிலவுக் கதையை 1962-ல் புத்தகமாக எழுதினார். அலாஸ்காவின் வடகிழக்கு மூலையைக் காட்டுயிர்க் காப்பிடமாக்க 1950-களில் கணவரோடு சேர்ந்து பாடுபட்டு, 1960-ல் அது நடந்ததையும் பார்த்தார். ஒலாஸ் 1963-ல் போய்விட்டார். 1964-ல் காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டபோது பக்கத்தில் நின்றவர்களில் மார்டியும் ஒருவர். 1980-ல் வந்த சட்டம், அவர்கள் தேனிலவு போன மேல்கோயுகுக் பகுதியையும் சேர்த்து 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' தேசியப் பூங்கா ஆக்கியது. அந்தப் பூங்காவுக்குள் ரோடும் கிடையாது, போட்ட பாதையும் கிடையாது. தேசியப் பூங்காவுக்குத் தேனிலவு போனவர்கள் உண்டு. தேனிலவு போன இடம் தேசியப் பூங்கா ஆனது எனக்குத் தெரிந்து இதுதான்.

என் தோழன் மகளிடம் இவ்வளவும் சொன்ன பிறகு அவள் கேட்ட கேள்வி, "இப்போ எப்படி அங்கிள்?" இப்போது நிலைமை வேறு. 1963-ல் மேலே க்ளென் கேன்யன் அணை கட்டி மூடிய பிறகு நதியின் வெள்ளமும் வறட்சியும் அடங்கிவிட்டன. ஆனால் ரேபிட்கள் அப்படியேதான். சொந்தப் படகில் போக வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழவேண்டும், அந்த மாதிரி நதியில் பழகிய படகோட்டி குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி பெற்ற கம்பெனிகள் அழைத்துப் போகும். நதியில் இருக்கும்போது எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும். கழிவறைக் கழிவைக்கூட டப்பாவில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதைச் சொன்னதும் பெண் கொஞ்சம் யோசித்தாள். அப்பனுக்கு ஒரே சந்தோஷம்.

இதெல்லாம் அமெரிக்காவில்தானே என்று இருந்துவிட முடியாது. 2018 மார்ச் 11-ந் தேதி நம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் புதுமணத் தம்பதியும் இருந்தார்கள். உரிய அனுமதி இல்லாத நடைபயணம், காய்ந்த புல், கோடையின் தொடக்கம். மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். நம் கல்லூரியிலும் இப்போது டிரெக்கிங் கிளப் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அனுமதிச் சீட்டுக்கு அலைகிற வேலையை யாராவது ஒரு தம்பி தலையில் கட்டாமல், கிளப்பே முறையாகச் செய்தால் நல்லது. உள்ளூர் வனக் காவலர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெஸ்ஸி ஆசைப்பட்ட அந்த இடம், கிராண்ட் கேன்யனை முழுதாகக் கடந்த முதல் பெண் என்ற இடம், பத்து வருஷம் காலியாகவே இருந்தது. 1938-ல் அதை நிரப்பியவர்கள் ஒருவர் அல்ல, இருவர். அவர்களும் ஒரு காலேஜிலிருந்து வந்தவர்கள்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆசிரியை எல்சாடா க்ளோவர், அவருடைய ஆராய்ச்சி மாணவி லோயிஸ் ஜாட்டர். நார்மன் நெவில்ஸ் என்ற படகோட்டியின் குழுவில், ஹைட் தம்பதி கிளம்பிய அதே கிரீன் ரிவர் ஊரிலிருந்து ஜூன் 20-ந் தேதி கிளம்பினார்கள். பெண்கள் போகிற இடமா இது என்று பத்திரிகைகள் எழுதின. ஹைட் கதையைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினார்கள். இவர்களோ ரிக்கார்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் என்னென்ன செடி முளைக்கிறது என்று யாரும் பட்டியல் போடவில்லை, அதைப் போட வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். நாள் முழுக்க ஆற்றோடு போராடிவிட்டு, சாயங்காலம் கரையேறி, குழுவுக்குச் சமைத்துப் போட்டு, அதற்குப் பிறகு செடிகளைப் பறித்துக் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். ஆண்கள் அந்த நேரம் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் முதல் தேதி மீட் ஏரியில் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து எழுதிய தாவரப் பட்டியல் 1944-ல் ஆராய்ச்சி இதழில் அச்சாயிற்று. அணை வருவதற்கு முன்னால் அந்தக் கரைகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

1994-ல் அந்த நதியில் ஒரு பழையவர்கள் கூட்டம் நடந்தது, நம்முடையது மாதிரியே. அணைக்கு முன்பு கிராண்ட் கேன்யனைப் படகில் கடந்தவர்களில் உயிரோடு இருந்தவர்களை விஞ்ஞானிகள் தேடிப்பிடித்து, மறுபடியும் படகில் ஏற்றி, இந்த மணல் மேடு முன்பு இங்கே இருந்ததா, இந்தச் செடி அப்போது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். லோயிஸ் ஜாட்டரும் வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 80.